இரவல் பிள்ளைகள்

1

இப்போதெல்லாம் எவன் செத்தாலும் அழுகிறதுக்கு முந்தி "எதுல போனான்?" என்று கேட்கிறான்கள். காலராவா, காய்ச்சலா என்று தெரிந்ததும் காப்பிக்கடைக்குப் போய்விடுகிறான்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாலாங்கிளாஸோடு நின்றவன் எழுத்து. நம்புங்கள், நம்பாமல் போங்கள். நான் எவனையும் நம்புகிறதில்லை.

2

'உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் அழகிய கிராமத்தில்...'

(அழகாவது! ஊருணியில் மாடும் மனுசனும் ஒரே தண்ணி குடித்த ஊர். அடித்துவிட்டேன்.)

செல்லத்தாய்க்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போயின. மூன்றாவது இடுப்பில் இருந்தது. ஊருக்கு ஆஸ்பத்திரி வந்தால் இதாவது தங்கும் என்று நினைத்தாள். முப்பத்தெட்டாம் வருசம், ஆஸ்பத்திரி எந்த ஊருக்கு என்று முடிவுகட்ட ஹெல்த் ஆபீசர் ராஜாராமன் தலைக்கணக்கு எடுக்க வந்தார். ஊர்ப்பெரியவர் மொக்கையன் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து இறக்கினார்.

"அம்புட்டுப் பேரும் இந்த ஊருன்னு சொல்லுங்கடா. கூட்டத்தப் பாத்தாத்தான் ஆபீசருக்கு இரக்கம் வரும்."

ராஜாராமன் எண்ணி எழுதிக்கொண்டு போனார்.

3

[ராஜாராமனைக் கெட்டவனாக எழுத ஆசைதான். ஆனால் மனுசன் செல்லத்தாய் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். என்ன செய்ய?]

மறுமாதம் வந்து சொன்னார்: "மதுரையில வயிற்றுப்போக்குல போன குழந்தைகளை, இருக்கிற குழந்தைகளோட எண்ணிக்கையால வகுத்தோம். உங்க ஊரையும் அப்படியே. நூத்துக்கு இத்தனைன்னு பார்த்தா மதுரையைவிட இங்கே சாவு கம்மி. ஆஸ்பத்திரி வேற ஊருக்குப் போறது."

"சாமி, நீங்க எண்ணுனதுல பாதிப் புள்ளைக பக்கத்து ஊரு" என்றாள் செல்லத்தாய்.

ராஜாராமன் மொக்கையனைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ளையப் பறிகுடுத்தவ, சாமி. புத்தி பெரண்டுபோச்சு."*

"அப்ப ஏம்புள்ளைக செத்தது பத்தலையா சாமி? இரவல் புள்ளைகள உசிரோட எழுதி, இதையும் சாகவிடப் போறீகளா?"

ராஜாராமன் குடையை விரித்தார்.

*பொய்க்கணக்குச் சொன்னால் ஜெயில் என்று எவனோ மொக்கையனுக்குப் பயங்காட்டியிருந்தான்.

4

மறுபடி எண்ணினார்கள், ஆஸ்பத்திரி வந்தது, பிள்ளை பிழைத்தது என்று ஒரு முடிவு எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொன்று, 'ஆடி பிறந்ததும் பிள்ளைக்கு...'

மாட்டேன். எழுதினால் நீங்களும் "எதுல போச்சு?" என்பீர்கள். அப்புறம் காப்பிக்கடை. முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வகுத்தால் நியாயம் வருமாம். எனக்கு வந்ததாய்த் தெரியவில்லை. மாடு கத்துகிறது. தண்ணி காட்ட வேணும், அதே ஊருணிக்குத்தான். போறேன்.