காற்றில்லாத விடியல்

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே சித்ராவின் தர்பூசணிக் கொல்லை. அதை ஒட்டிய மேட்டில் ராஜாமணியின் கரும்பு. கரும்புக்குள் களை மண்டிவிட்டது. மருந்து அடித்தே ஆகவேண்டும். அந்தக் களைக்கொல்லி கரும்பை ஒன்றும் செய்யாது. தர்பூசணிக் கொடியில் பட்டால் கொடி போச்சு.

“அண்ணே, காத்துல மட்டும் அடிச்சிடாத. இந்தக் கொடிய நம்பித்தான் பொண்ணு ஆர்த்திய விழுப்புரத்துல காலேஜுல சேத்துட்டு உக்காந்துக்கினு இருக்கேன்” என்றாள் சித்ரா.

“நான் இன்னா உனக்கு எதிரியா? எலை அசையாத நேரமா பாத்து அடிக்கிறேன், போ.”

சொன்னபடியே காத்திருந்தார் மனிதர். பகலெல்லாம் காற்று. மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலை, கரும்புத் தோகை ஒன்றுகூட அசையவில்லை. பன்றிக் காவலுக்குக் கொல்லையிலேயே படுத்திருந்த சித்ரா, டீ போட அடுப்பை மூட்டினாள். புகை ஆள் உயரம் எழும்பியது. அங்கேயே மடங்கி, விரித்த போர்வை மாதிரி கொல்லைமேல் படுத்துக்கொண்டது.

“பாருண்ணே, பொகைக்கே குளிருது. எழுந்திரிக்க மாட்டேங்குது.”

“உன் அடுப்புப் பொகை உன்ன மாதிரித்தானே இருக்கும்!” ராஜாமணி முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டார். “அடிக்கட்டுமா?”

“அடிண்ணே. துளி காத்து இல்ல. வெயிலுக்கு முன்ன ஜல்தியா முடி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுங்களா.

மூன்றாம் நாள் தர்பூசணி இலைகள் கிண்ணம்போலக் குவிந்தன. கொழுந்துகள் முறுக்கிக்கொண்டு தலையைத் தூக்கின. சித்ரா குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து இலை இலையாகக் கழுவினாள். ராஜாமணி தன் மோட்டார் குழாயையே இழுத்துவந்து பீய்ச்சினார். திண்டிவனத்திலிருந்து வந்த வேளாண் அதிகாரி கலைப்பிரியா ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தாள்.

“கழுவாதீங்கக்கா. மருந்து உள்ள போயிடுச்சு.”

“காத்தே இல்லியேம்மா!” என்றார் ராஜாமணி.

“அதனாலதாங்க.”

அவள் சொன்னதை நான் சொல்கிறேன், கேளுங்கள். பகலில் தரை சுடும். தரையோரக் காற்று சூடாகி மேலே ஏறும். உயரப் போகப் போகக் குளிரும். விமானம் பறக்கிற உயரத்தில் பனிக்கட்டிக் குளிர். அதையும் தாண்டினால் மறுபடி சூடு ஏறும், அப்புறம் மறுபடி குளிர். வானம் அப்படி அடுக்கடுக்காக இருக்கிறது. ஆனால் மேகமில்லாத மார்கழி இரவில் முதல் அடுக்கின் அடிப்பக்கமே தலைகீழாகிவிடும். தரை சில்லிட்டுப் போய், குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடும். அதன்மேல் சூடான காற்று தட்டுப்போட்டு மூடினாற்போல் நிற்கும். அந்நேரம் மலைமேல் கோயிலில் நின்றால் கீழே இருப்பதைவிடக் கதகதப்பாக இருக்குமாம். காற்றடித்திருந்தால் மருந்துப் பொடித்துளி கலைந்து போயிருக்கும். அன்றைக்கு மேலே ஏற வழியில்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெல்ல வழிந்து, கொடிகளின் மேலேயே கிடந்திருக்கிறது.

“பொழைக்குமா?” என்றாள் சித்ரா.

“புதுத் தளிர் நேரா வந்தா பொழைக்கும். காத்திருந்து பாக்கணும்க்கா. வேற எதுவும் பண்ண முடியாது.”

ஒரு வாரம் கழித்து, விடிவதற்குள் ராஜாமணி வந்து வரப்பில் குந்தினார். வந்திருந்த தளிர்களும் முறுக்கியே வந்திருந்தன.

“ரெண்டு வார்த்தை திட்டேன், தங்கச்சி.”

“எத்தச் சொல்லித் திட்டுறது? காத்துல அடிக்காதன்னது நானு. அடின்னதும் நானு.”

அவருக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றினாள். அடுப்புப் புகை அன்றைக்கும் ஆள் உயரத்தில் மடங்கிக் கிடந்தது. ராஜாமணி எழுந்து, தோள் துண்டை எடுத்து அதை விசிறினார். புகை கொஞ்சம் விலகியது, திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. கை ஓயும்வரை விசிறிவிட்டு உட்கார்ந்தார்.

வெயில் ஏறித் தரை சூடானபோது, யாரும் தொடாமலே புகை நேராக எழுந்து மேலே போயிற்று.

“இப்பப் போவுது பாரு” என்றாள் சித்ரா.