நீலம் ஏறிய முறிவு

லோகநாதனை மேசைமேல் அடுக்கி முடிப்பதற்குள் மெர்சிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ராணிப்பேட்டையில் மூடிக்கிடந்த தோல் தொழிற்சாலையின் கழிவுக் குழியை ஜேசிபி வைத்துத் தோண்டியதில் கிடைத்தவர். பதினாலு வருடம் குரோம் கழிவில் ஊறி எலும்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது. மகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டு ஆள் யாரென்பது உறுதியாகிவிட்டது. எப்படிச் செத்தார் என்று சொல்வதுதான் தடயவியல் மருத்துவரான அவள் வேலை.

மண்டையும் இடது முன்கையும் ஜேசிபி பட்டு உடைந்தவை, தவறி விழுந்து செத்ததாக எழுதிவிடலாமே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் இன்ஸ்பெக்டர் புகழேந்தி. அவருக்கென்ன, ஃபைலை மூடினால் போதும். மெர்சி லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஜேசிபி உடைத்த விலா எலும்புகளில் உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மண்டையிலும் கையிலும் முறிவின் உள்விளிம்பு வரை நீலம். அதுவும் பச்சைக் குச்சியை ஒடித்த மாதிரி சிம்பு சிம்பாகப் பிளந்திருந்தது. காய்ந்த எலும்பு அப்படிப் பிளக்காது. குழியில் போடுவதற்கு முன்பே யாரோ அடித்திருக்கிறார்கள். இவர் கையைத் தூக்கித் தடுத்திருக்கிறார். அவளையறியாமல் அவளுடைய இடது கையும் முகத்துக்கு நேரே உயர்ந்தது. பட்டப்பகலில் அந்த அறையில் தனியாக நிற்க மெர்சிக்குப் பயமாக இருந்தது.

வெளியே லோகநாதனின் மனைவி பூங்காவனம் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். எவளோடோ ஓடிவிட்டான் என்று அவர் வேலை பார்த்த அந்தத் தொழிற்சாலையில் சொன்னதை நம்பி, அவன் கை ஒடியட்டும் என்று அமாவாசைக்கு அமாவாசை அங்கேயே போய் மண்ணை வாரித் தூற்றியவள். கை ஒடிந்திருக்கிறது என்று போலீஸ்காரர் ஒருவர் உளறிவைக்க, தன் சாபம்தான் பலித்துவிட்டது என்று இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"டாக்டரம்மா, கை எப்போ ஒடிஞ்சுது?"

மெர்சி நீலத்தைப் பற்றி விளக்கினாள். "காணாமப்போன அன்னைக்கேம்மா. அவரு எங்கியும் ஓடல. நீங்க சாபம் வுடறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சு. யாரோ அடிச்சுதான் செத்தாருன்னு எழுதப்போறேன்."

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மெர்சிக்கும் பாரம் இறங்கினாற்போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, குழி எந்தப் பக்கம் இருந்தது என்று பூங்காவனம் கேட்டாள். பின்சுவரை ஒட்டி, வேப்பமரத்துக்கு நேரே என்றாள் மெர்சி.

பூங்காவனத்தின் அழுகை நின்றது.

"அந்த மரத்தடியிலதாம்மா நிப்பேன்," என்றாள். "சுவத்துக்கு இந்தாண்ட. வாரி வாரி உள்ள போட்டேன். அத்தினி மண்ணும் அவரு மேலதான் வுழுந்திருக்குது."