இது ஆருக்கு?

மாயாண்டியின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே பின் பெட்டியை மூடியிருந்த படங்குச் சீலை தட்டையாகக் கிடப்பது தெரிந்தது. மற்ற வியாழக்கிழமைகளில் அது கூடாரம்போலப் புடைத்து நிற்கும். ரஜிதா எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் உறுதியாகிவிடும்.

"யானை," என்றார் மாயாண்டி, இறங்காமலே. "நேத்து மழையில கரண்டு வேலி செத்துப்போச்சு. பூசணிக் கொடியெல்லாம் சேறாக்கிட்டுப் போயிருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சுது."

அவர் பூவரசங்குளத்தில் தோட்டம் செய்கிறவர். வவுனியா நகரத்தின் ஓரத்தில், இந்த ஒழுங்கையிலுள்ள ஒன்பது வீடுகள் சேர்ந்து வாராவாரம் அவரிடம் மரக்கறி எடுத்தன. எது காய்த்திருக்கிறது என்று அவர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். யாருக்கு என்ன வேண்டும் என்று இவர்கள் பதில் போடுவார்கள். ஒரு மூட்டைக்கு ஆள் சேர்ந்தால்தான் அவர் பிடுங்குவார். இந்த வாரம் ரஜிதா மூன்று பூசணிக்காய்க்குச் சொல்லியிருந்தாள்.

ஒழுங்கை முடிவிலிருந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைப்பவள் அவள்தான். கார்த்திகை பிறந்ததிலிருந்து சோறும் பருப்பும் சோயாவும்தான் தட்டுகளில் விழுந்தன. மண்சரிவால் மலைநாட்டு லொறிகள் வரவில்லை. சந்தையில் உருளைக்கிழங்கும் அழுகல் வெங்காயமும் மட்டும் கிடந்தன. நாளை சாப்பாட்டு நேரம் தானே வந்து பார்க்கப்போவதாகப் பள்ளி அதிபர் சொல்லியிருந்தார். தட்டில் மரக்கறி இல்லையென்றால் சமையலை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அந்த வேறு ஆள் யாரென்பதும் ரஜிதாவுக்குத் தெரியும். அதே ஒழுங்கையிலிருக்கும் கனகலிங்கத்தின் மருமகள் யதுர்ஷிகா ஏற்கெனவே அதிபரிடம் போய்த் தான் தயார் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இப்போது மாமனாருக்குப் பக்கத்தில் வெறுங் கூடையோடு நின்றாள்.

சாமான் குறைந்தால் எல்லா ஓடரும் ரத்தாகிவிடும். வீட்டுக்கு ஒரு கூறு. பெயர் கூப்பிட்டு முடியும்வரை இது எனக்கு வேண்டும் என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. போன வருடம் ஒரு கட்டு முருங்கைக்காய்க்காக இரண்டு வீடுகள் வேலியை உயர்த்திக் கட்டிய பிறகு வந்த ஒழுங்கு அது. பெயர் முடிந்தபின் தன் பங்கை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். இதுவரை அப்படிக் கொடுத்தவர்கள் இல்லை.

ஒன்பது வீட்டாரில் ஒருத்தியான சிவலட்சுமி தன் தகரக் கொட்டிலுக்குள் படங்கை விரிக்கச் சொல்லிக் கூறு வைப்பித்தாள். புடலங்காய், கத்தரிக்காய், பசளிக் கீரை என்று எட்டுக் கூறுகள். ஒன்பதாவதாகப் பூசணிக்காய் தனியே அமர்ந்தது, வெட்டினால் இந்த ஈரத்தில் இரண்டு நாள் தாங்காதென்பதால். ஒரு வீட்டுக்கு அது வயிறு நிறையக் கறி. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் மானம்.

ஒருவர் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு யாருக்கு என்று கேட்க, திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். திரும்பி நிற்பது முறை வைத்து வரும். இந்த வாரம் ரஜிதாவின் முறை.

"திரும்பி நிண்டால் முதுகிலயும் கண் முளைக்குமாம்," என்றார் கனகலிங்கம், யாரையும் பார்க்காமல்.

அவள் தகரத்தைப் பார்த்து நின்றாள். துருவேறிய ஓட்டையொன்றால் மாலை வெளிச்சம் ஒரு காசளவு உள்ளே வந்து, அவள் சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது ஆருக்கு?"

"தயாபரன் வீட்டுக்கு."

சிவலட்சுமி குனிய முடியாதவள். குடை நுனியால்தான் கூறுகளைத் தொட்டாள். கீரையில் படும்போது ஈரச் சத்தம். புடலங்காயில் பட்டால் சத்தமே இல்லை. ரஜிதா அதைக் கவனிக்க நினைக்கவில்லை. காதை மூடி வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். இராசேஸ்வரி, வினோதன், ஜெயரூபி என்று பெயர்கள் போயின.

பிறகு குடை நுனி எதிலோ தட்டியது. டொக்.

"இது ஆருக்கு?"

பின்னாலிருந்த பேச்செல்லாம் நின்றது. முற்றிய பூசணிக்காயின் சத்தம் கேட்டது அவளுக்கு மட்டுமல்ல. எல்லோருக்கும் கேட்டிருந்தது. அவளுக்குக் கேட்டதும் அவர்களுக்குத் தெரியும். வேறு யாருடைய பெயரையாவது சொன்னால் எல்லோரும் மூச்சு விடுவார்கள், அவளைத் தவிர. தன் பெயரைச் சொன்னால் கள்ளம் என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் இன்றிரவே மற்ற எட்டு வீட்டுக் குசினிகளிலும் அதுதான் கதையாக இருக்கும். அடுத்த வாரம் லான்ட்மாஸ்டர் வருமா என்பதும் சந்தேகம்.

வெளிச்சக் காசு அவள் தோளுக்கு ஏறியிருந்தது.

"ரஜிதாவுக்கு," என்றாள்.

கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த கூறைக் கேட்பதற்குச் சிவலட்சுமி குடையைத் தூக்கியபோது ரஜிதா திரும்பிவிட்டாள். கூறு நடக்கும்போது யாரும் திரும்பியதில்லை.

"சத்தம் கேட்டது, அக்கா. பூசணி எண்டு தெரிஞ்சுதான் என்ர பேரைச் சொன்னனான். சொல்லிப்போட்டு வைச்சிருக்க ஏலாமக் கிடக்கு."

சிவலட்சுமி குடையைப் பார்த்தாள், அது தானாகத் தட்டியதுபோல. பிழை தன்னுடையது என்று முணுமுணுத்தாள்.

"ஆரில பிழை எண்டு நான் கேக்கேல்லை," என்றார் கனகலிங்கம். "தெரிஞ்சு சொன்ன பேர் பேரில்லை. எல்லாத்தையும் கலந்துபோட்டுத் திருப்பிக் கூறு வையுங்கோ. இவ இனித் திரும்பி நிக்கக்கூடாது."

யார் திரும்பி நிற்பதென்று வந்தபோது யாரும் யாரையும் நம்பவில்லை. பங்கு இல்லாத ஒரே ஆள் மாயாண்டி. அவரும் ரஜிதாவும் மலைநாட்டிலிருந்து வந்த ஒரே சனம் என்று கனகலிங்கம் இழுத்தார்.

"அப்ப கண்ணையும் கட்டுங்க, காதுலயும் பஞ்சு வைங்க," என்றார் மாயாண்டி. "இருட்டுறதுக்குள்ள நான் குளத்து ரோட்டத் தாண்டணும். யானைக்கு உங்க ஞாயம் தெரியாது."

இராசேஸ்வரி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாயாண்டி போய் லான்ட்மாஸ்டரை இயக்கிவிட்டு, அதைப் பார்த்தபடி நின்றார். கொட்டிலின் தகரமெல்லாம் இஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்தது. சிவலட்சுமி தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அவரும் கத்திப் பதில் சொன்னார். குடை இந்த முறை எதிலும் படாமல் அந்தரத்தில் நின்று காட்டியது. மூன்றாவது கூறு ரஜிதாவுக்கு விழுந்தது. இரண்டு புடலங்காயும் ஒரு பிடி பசளியும், பள்ளிக்கூடத்துக்குக் காணாது. அவள் அவற்றைக் குனிந்து எடுக்கவில்லை. குடை பூசணிக்கு மேல் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனகலிங்கம் ஐயா வூட்டுக்கு!"

இஞ்சின் நின்றது. மாயாண்டி திரும்பி, எல்லோருடைய முகத்தையும் பார்த்தபின்தான் தான் எதை யாருக்குக் கொடுத்தோம் என்று விளங்கிக்கொண்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார்.

யதுர்ஷிகா பூசணிக்காயைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கைக்குழந்தையைப்போல அது சரியாகப் பொருந்தியது. அவள் வீட்டுப்பக்கம் போகாமல் ரஜிதாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ரஜிதாக்கா, இதை உங்களுக்குத் தரமாட்டன்," என்றாள். "நாளைக்கு நானும் சமைக்க வாறன். பூசணி என்னோட வரும்."

"அது எங்கட வீட்டுப் பங்கு," என்றார் கனகலிங்கம்.

"ஓம் மாமா. அதாலதான் நான் கொண்டுபோறன்."

எல்லோரும் ரஜிதாவைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் நாளைக்கும் பருப்புத்தான். அதிபர் தட்டைப் பார்ப்பார், அதோடு முடிந்தது. வா என்றால் நாளை அந்த அடுப்படியில் அதிபர் காணப்போவது இரண்டு பெண்களை. திங்கட்கிழமை அதில் ஒருத்தி போதும் என்று அவருக்குத் தோன்றலாம். யதுர்ஷிகாவின் முகத்தில் வெற்றியும் இல்லை, இரக்கமும் இல்லை. அவளுக்கும் அந்த அடுப்பு வேண்டும். அதை மறைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள், சற்றுமுன் தகரத்தைப் பார்த்தபடி ரஜிதா தன் பெயரைச் சொன்னதுபோல.

ரஜிதா குனிந்து புடலங்காயையும் பசளியையும் பொறுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"விடிய அஞ்சு மணிக்கு அடுப்பு மூட்டுவன்," என்றாள். "பிந்தினால் பார்த்துக்கொண்டிருக்கமாட்டன். கத்தியும் கொண்டாங்கோ. என்னட்ட ஒண்டுதான் இருக்கு."