வலத்தை மாடு

பதினொரு நாட்களாக மலையாண்டி மாட்டுப் பவுண்டுக்குள் வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து வண்டியில் பனையோலை ஏற்றிக்கொண்டு செல்லூருக்கு வருவான். மாடுகளை வெளியே வேப்பமரத்தில் கட்டிவிட்டு ஓலைக்கட்டைத் தலையில் சுமந்து உள்ளே போவான். கூரைமேல் ஏறினால் வெயில் உச்சிக்கு வரும்வரை வேய்வான். ஓலை நுனியை அரிய இடுப்பில் ஒரு சிறு கத்தி வைத்திருந்தான். நார் வேண்டுமென்றால் விரலால் காட்டுவான்.

"என்ன மாப்ள, வாயில கொழுக்கட்டையா?" என்று கீழிருந்து முத்துக்கருப்பன் கேட்டான். "ஊமையனக் கூட்டியாந்து கூரை மேயுறேன்னு தெருவே சிரிக்குது."

மலையாண்டி பல்லை மட்டும் காட்டினான்.

முத்துக்கருப்பன் அவனுக்கு மச்சான் முறை. கல்யாணம், சாவு என்றால் பார்த்துக்கொள்வார்கள். செல்லூரில் வைக்கோல் கடை வைத்திருந்தான். கேட்பாரில்லாமல் அலையும் மாடுகளை நகரசபை அடைத்துவைக்கும் அந்தப் பவுண்டுக்கு நாலு சுவர் மட்டுமே இருந்தது. போன சித்திரை வெயிலில் மூன்று மாடுகள் செத்தன. அவை கத்தியது நெசவுக்காரர்களின் தறிக்குழிவரை கேட்டது. அதனால் இந்தப் பங்குனியிலேயே தெரு கூடிப் பேசியது. ஒருவர் மூங்கில் தந்தார். முத்துக்கருப்பன் வைக்கோல் போட்டான். பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியைத் தறிக்காரர்கள் பானையோடு கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார்கள். பவுண்டைக் கூட்டித் தண்ணீர் காட்டும் சங்கிலியும் அவன் பெண்சாதி முருகம்மாளும் மண் சுமந்து தரையை மேடாக்கினார்கள். ஓலைக்கு முத்துக்கருப்பன் மலையாண்டியைக் கூப்பிட்டான். மறுக்க அவனுக்குக் காரணம் அகப்படவில்லை.

முதல் நாள் ஓலைக்கட்டோடு உள்ளே வந்து, "எங்க போடணும் மச்சான்?" என்று கேட்டான். மூலையில் படுத்திருந்த வெள்ளை மாடு தலையைத் தூக்கியது. இடது காது பாதிதான் இருந்தது. கழுத்தில் நுகத்தடிப் புண். அது முன்னங்காலை ஊன்றி எழுந்து, கயிறு விறைக்க, அவன் பக்கம் திரும்பி நின்றது.

அதன்பிறகு அவன் உள்ளே பேசவில்லை.

ஆறு வருஷம் அது அவன் வண்டியில் வலப்பக்கம் நடந்தது. பஞ்சு மூட்டை ஏற்றும் கணக்குப்பிள்ளை மாசி மாதத்தில் அதன் கழுத்தைப் பார்த்துவிட்டு, "புண்ணு மாட்டப் பூட்டிட்டு வந்தா நாளையிலருந்து லோடு கெடையாது" என்றார். கசாப்புக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. வேலை செய்யாத மாட்டுக்குத் தீனி போட வீட்டில் வழியும் இல்லை. ஒரு விடியலில் அதை வைகை மணலில் விட்டுவிட்டு வந்தான். இப்போது வலப்பக்கம் நடப்பது தம்பியின் மாடு.

"உன் வலத்தை மாடு எங்க மாப்ள?" என்று முத்துக்கருப்பன் வேப்பமரத்தடியில் ஜோடி சேராத மாடுகளைப் பார்த்துக் கேட்டபோது, "திருவாதவூர்க்காரருக்கு வித்துட்டேன்" என்றான்.

பதினொன்றாம் நாள் மாட்டு டாக்டர் வந்தார். காதை விரித்து இடுக்கியால் புழு எடுத்தார். எடுத்து எடுத்துத் தகரக் கிண்ணத்தில் போட்டார். இருபத்து மூன்று.

"இது நாய் கடிச்சதில்ல. கத்தி" என்றார். "ரெண்டு வாரம் இருக்கும்."

"நாகமலைப் பக்கம் காதக் கீறித்தான் அடையாளம் வப்பாக" என்றான் முத்துக்கருப்பன். "யாரு மாடுன்னு தெரியாம இருக்க அடையாளத்தோட சேத்து அறுத்திருக்கான். களவு மாடுதான்."

"கொண்டாந்தது யாரு?"

எல்லோரும் சங்கிலியைப் பார்த்தார்கள். ஆற்றிலிருந்து மாட்டை ஓட்டி வந்தவன் அவன். வாளியைக் கீழே வைத்தான்.

"மணல்ல நின்னுச்சு சாமி. ரத்தம் ஒழுகிக்கிட்டு நின்னுச்சு."

"நாளைக்கு ஏட்டு வருவாரு. அவருகிட்டச் சொல்லு" என்றான் முத்துக்கருப்பன்.

கூரைமேல் மலையாண்டி நாரை இறுக்கினான். நார் அறுந்தது.

எல்லோரும் போனபின் அவன் இறங்கினான். சங்கிலி சீத்தா இலையைக் கல்லில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தான். சாற்றைக் காதுக்குள் பிழிந்தான். நிமிரவில்லை.

"நீங்க எறங்குனா இது எந்திரிச்சிருது அய்யா" என்றான். "மொத நாளே பாத்துட்டேன்."

மலையாண்டி நின்றான்.

"நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நம்பவா போறாக? பழிய அவரு மேல போடுறியாடான்னு இன்னும் ரெண்டு சேத்து விழும்." பிழிந்த சக்கையை எறிந்தான். "நேத்துத்தான் முருகம்மாளுக்கும் இங்கேயே வேலை தாரேன்னாக."

மலையாண்டி வண்டியில் இருந்த அகத்திக்கீரைக் கட்டைக் கொண்டுவந்து மாட்டின் முன் வைத்தான். வெளியே போனான்.

பன்னிரண்டாம் நாள் முகட்டு ஓலை மட்டுமே பாக்கி. தறிக்காரர்கள் கஞ்சிப்பானையோடு வந்திருந்தார்கள். ஏட்டு வந்ததும் சங்கிலியின் துண்டாலேயே அவன் கைகளைப் பின்னால் கட்டினார்.

"எங்கடா புடிச்ச?"

"மணல்ல நின்னுச்சு சாமி."

"வைகை மணல்ல மாடு மொளைக்குதாக்கும்?"

கஞ்சிப்பானை வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முருகம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். சங்கிலி தரையையே பார்த்தான். ஒரு தடவைகூடக் கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏட்டையா" என்றான் மலையாண்டி.

குரல் கேட்டதும் கீழே மாடு எழுந்தது. முழுக் காதும் அரைக் காதும் மேலே திரும்பின.

"அது எம் மாடு. எம் வலத்தை மாடு."

அவன் மூங்கிலைப் பிடித்து இறங்கி நிற்பதற்குள் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவன் கையை நக்கியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"வித்துட்டேன்னு சொன்னியே மாப்ள?" என்றான் முத்துக்கருப்பன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அட, களவு போனதச் சொல்ல வெக்கப்பட்டு வித்துட்டேன்னு சொல்லிருக்கான் ஏட்டையா! எங்க பக்கத்து ஆளுக இப்பிடித்தான். மாட்டப் பறிகொடுத்தவன்னு பேரெடுக்கமாட்டாக."

"அதுக்கு என்னப்பா வெக்கம்?" ஏட்டின் குரல் தணிந்தது. "கெடைச்சிருச்சுல்ல."

பிறகு திரும்பிச் சங்கிலியை அறைந்தார். "அவரு மாட்டுக் காதையாடா அறுத்த?"

தறிக்காரர் ஒருவர் மலையாண்டிக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "உக்காருங்கண்ணே. பாவம், பன்னெண்டு நாளா உள்ளயே வச்சுப் புழுங்கியிருக்காரு." முத்துக்கருப்பன் அவன் தோளில் கை போட்டான். ஒருவன் கல்லைத் துடைத்துவிட்டான், அவன் உட்காரட்டும் என்று. இனி அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

சங்கிலியின் உதட்டில் ரத்தம் வந்தது. கை பின்னால் இருந்ததால் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டான். "நட" என்றார் ஏட்டு. முருகம்மாள் குடத்தோடு வழியை விட்டு ஒதுங்கினாள்.

மலையாண்டி செம்பைக் கீழே வைத்தான். இடுப்பிலிருந்து ஓலை அரியும் கத்தியை எடுத்தான். கைப்பிடியை ஏட்டின் பக்கம் திருப்பி நீட்டினான்.

"இந்தக் கத்திதான் ஏட்டையா. காதை அறுத்தது நான்."