உப்பு லாரியில் வந்த எலும்பு

மங்கை தன் இடது காதுக் கம்மலைக் கழற்றிச் சந்தனக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொட்டாகப் பால் விட்டுத் தேய்க்க வேண்டும், பொன் துளி இறங்கினாலும் போதும் என்று வாசலிலிருந்து ரங்கநாதன் மாமா குரல் கொடுத்தார். கம்மல் இவளுடையது, கையும் இவளுடையது, மேஸ்திரி வேலை மட்டும் மாமாவுடையது.

"நல்லா அழுத்தித் தேய்மா. கவரிங் இல்லியே அது?"

"மாமா, கொஞ்சம் சும்மா இரேன்."

உள்ளே கட்டிலில் அவள் அப்பா தனசேகரன் கிடந்தார். ஆஸ்பத்திரியில், வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி இன்றோடு பதிமூன்று நாள். பேச்சு நின்று ஆறு நாள். சோறு தண்ணி நின்று அதற்கும் மேல். ஆனால் மூச்சு மட்டும், காற்றுப் பிடித்த மோட்டார் தண்ணீரைத் துப்புவதுபோல, விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருந்தது. முதுகு முழுக்கப் புண். புரட்டிப் படுக்கவைக்கும்போது அவர் முனகுகிற முனகலைக் கேட்டால் கல்லுக்கும் கண்ணீர் வரும்.

போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று மங்கை நினைத்தாள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நினைத்தாள். பெற்ற அப்பனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள், மறுபடியும் நினைப்பாள். செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடை பூட்டியே கிடந்தது. அவள் சரியாகத் தூங்கியும் பதிமூன்று நாள் ஆகிவிட்டது.

ஏதோ ஒரு ஆசை இருக்கிறது, அதுதான் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது என்பது ஊர் தீர்ப்பு. எனவே வல்லத்தில் இருக்கும் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, அவர் வேர்க்கடலை போட்ட நிலத்திலிருந்து, ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, தெளிந்த பிறகு வாயில் விட்டார்கள். மண்ணாசை தீரவில்லையோ என்னவோ, மனுஷன் விழுங்கிவிட்டு அப்படியே கிடந்தார். பெங்களூரிலிருக்கும் பேரனை வீடியோ காலில் காட்டினார்கள். ஒரு மூடி பிராந்திகூட ஊற்றிப் பார்த்தார்கள். அது ரங்கநாதன் மாமாவின் யோசனை. மிச்ச பாட்டில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பொன். மங்கை பஞ்சில் தோய்த்து உதட்டில் பிழிந்தாள். தம்பி பெண்டாட்டி வளர்மதி மாமனாரின் தலையைத் தாங்கிக்கொண்டாள். பால் உள்ளே போனது. பெரியவரின் வலது கால் மட்டும் போர்வைக்குள் ஒரு தரம் அழுந்தி எழுந்தது. நாற்பது வருஷம் மரக்காணம் உப்பளத்துக்கும் செஞ்சிக்கும் உப்பு லாரி ஓட்டிய கால் அது. பிரேக் பிடிக்கிறார் என்று தம்பி ஆனந்தராஜ் சொல்லுவான்.

வாசலில் மாமா நெளிந்தார். "இன்னாம்மா இது, உக்கார எடம் போட்டு வெச்சிருக்கீங்க? கல்லா கட்டையான்னே தெரில. பதிமூணு நாளா பின்னாடி குத்தினு இருக்குது."

மங்கை பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தாள். வேப்ப மரத்தடியில் மணைபோல வட்டமாக, வெளுத்துப்போய், பொடிப் பொடி ஓட்டைகளோடு கிடந்தது அது. உடம்பு விசாரிக்க வந்தவன் போனவன் எல்லாம் அதன்மேல் உட்கார்ந்துதான் 'கெழவருக்கு இன்னா கொறையோ' என்று யோசித்திருந்தான்.

"மாமா, எழுந்திரு."

"எதுக்கு?"

"எழுந்திருன்றேன்ல!"

அது திமிங்கலத்தின் முதுகெலும்பு. ஒரே ஒரு கணு. மங்கை ஆறாவது படிக்கும்போது அப்பா உப்பு மூட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துவந்தார். இரண்டு பக்கமும் இறக்கைபோல நீட்டிக்கொண்டிருந்ததை ரம்பத்தால் அறுத்துவிட்டு, உட்கார வாகாகச் செய்துகொண்டார். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமைக்குப் பின்னால் இருந்த சங்கதியைக் குடித்துவிட்டு வந்த ஒரு நாள்தான் சொன்னார். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அந்தத் திமிங்கலம் கரை ஒதுங்கிச் செத்திருக்கிறது. குப்பத்து ஜனங்கள் அதற்கு மஞ்சள் தெளித்து, கோடித்துணி போட்டு, வாய்க்கரிசிகூடப் போட்டு, சொந்தச் சாவுபோல மணலில் புதைத்தார்கள். அடுத்த மழையில் கடல் ஏறி மணலை அரித்துவிட்டது. உப்பு ஏற்றப் போன அப்பா, விடிகாலையில் யாரும் பார்க்காதபோது வெளியே தெரிந்த எலும்பில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

'சாவு வூட்ல திருடிட்டேன் மங்க' என்று அழுதார். அம்மா கமலாம்பாள் செத்த பிறகு வருஷத்துக்கு ஒரு தரமாவது, 'அதக் கொண்டு போயி கடல்ல வுட்டுடணும்' என்பார். எலும்பு அசையவே இல்லை. லாரியை விற்றார், பிறகு முட்டி வலி, பிறகு யாராவது கூட்டிப் போனால் பார்க்கலாம் என்றார். யாரும் கூட்டிப் போகவில்லை. மங்கையும்தான் கூட்டிப் போகவில்லை.

மாமாவுக்கு விஷயம் புரிந்ததும் வேட்டியின் பின்பக்கத்தை அவசரமாகத் தட்டிவிட்டுக்கொண்டார். "அட கருமமே! இத மொதல்ல சொல்லக் கூடாதா?"

மங்கை உள்ளே ஓடி அப்பாவின் காதருகே குனிந்தாள். "நைனா, வாசல்ல கெடக்குதே, மீனு எலும்பு, அத எடுத்துனு போறேன். கடல்ல வுட்டுட்டு வரேன்." போர்வைக்குள் அழுந்தி அழுந்தி எழுந்துகொண்டிருந்த கால் அசையாமல் நின்றது. அவள் வளர்மதியைப் பார்த்தாள். வளர்மதியும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனந்தராஜின் குட்டி யானை வண்டியில் எலும்பை ஏற்றி, மேலே கோணிப்பை போட்டு மூடினார்கள். ஏற்றும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"எக்கா, திமிங்கலத்தோட எதுனா வெச்சிருந்தா உள்ள தூக்கிப் போட்டுடுவான். போன்ல பாத்தேன்."

"முப்பத்தஞ்சு வருஷமா அதுமேல உக்காந்துதானடா பல்லு வெளக்குன? அப்ப தெரியலியா?"

அவன் வண்டியை எடுத்தான். ஆனால் காக்கிச் சட்டை எது கண்ணில் பட்டாலும், அது கண்டக்டராகவே இருந்தாலும், அவன் முகம் சுண்டிப்போனது.

திண்டிவனத்துக்குள் நுழையும்போது பின்சக்கரம் உட்கார்ந்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. இவன் அதைப் பார்த்து எத்தனை மாசமோ. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினார்கள். முன்னாலேயே இரண்டு டயர் காத்திருந்தது. மணி ஒன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. மங்கைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தம்பிமேல், டயர்மேல், இத்தனை வருஷம் சும்மா இருந்த தன்மேல்.

போன் அடித்தது. வளர்மதி அழுதுகொண்டே பேசினாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க? மாமாவுக்கு ரொம்ப முடியல. கண்ணு மேல சொருவுது. வலி தாங்காம கத்தறாரு அண்ணி, என்னால பாக்க முடியல. இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

பின்னால் அந்த முனகல் கேட்டது. இத்தனை நாள் கேட்டதைவிடக் கொடூரமாக இருந்தது. கடலுக்கு இன்னும் ஒரு மணி நேரப் பாதை, அதுவும் டயர் கழன்று கிடக்கிற வண்டியில். மங்கை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"போன நைனா காதுல வை."

"வெச்சிட்டேன்."

"நைனா, மங்க பேசறேன். வந்துட்டோம் நைனா. கடல்லதான் நிக்கறேன். எறக்கி வுட்டாச்சு. அல வந்து எடுத்துனு போயிடுச்சு." ஒரு லாரி காற்று ஹாரனை அடித்துக்கொண்டு போனது. அவள் போனைக் கையால் பொத்தினாள். கையை எடுத்தால் ஒரு கண்டக்டர் பக்கத்திலேயே நின்று, "மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம், ஏறு ஏறு" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னாள். "போயிடுச்சு நைனா. நீ நிம்மதியா இரு. எல்லாம் முடிஞ்சிடுச்சு."

மறுமுனையில் முனகல் நின்றது. ஏதோ சரசரத்தது, பஸ் இரைச்சலில் அவளுக்குப் பிடிபடவில்லை. 

"அண்ணி," என்றாள் வளர்மதி. அழுகை இல்லாத குரல். "போயிட்டாரு."

மங்கை அடுக்கியிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றுதான் வந்தது. தோள்பட்டையிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல இருந்தது. இனி அவரைப் புரட்ட வேண்டாம், புண்ணுக்குப் பவுடர் போட வேண்டாம், அவருக்கு வலிக்காது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் கண்ணீர் வந்தது. ஆனந்தராஜ் கிரீஸ் கையோடு பக்கத்தில் வந்து நின்று, முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டான்.

டயர் மாட்டி முடிந்ததும் அவன் வண்டியைச் செஞ்சிப் பக்கம் திருப்பப் போனான்.

"எங்கடா போற?"

"வூட்டுக்குத்தான். ரங்கநாதன் மாமா நாலு வாட்டி போன் பண்ணிட்டாரு, கத்தறாரு. அங்க பொணம் கெடக்குது, நாம எலும்பு எடுத்துனு சுத்தறதான்னு."

"நேரா மரக்காணம் போ."

"எக்கா, அவரே போயிட்டாரு. இனிமே வுட்டா இன்னா, வுடாட்டி இன்னா?"

"பொய் சொல்லி அனுப்பி வெச்சிட்டேன்டா," என்றாள் மங்கை. "சாவறவருகிட்ட பொய் சொல்லியிருக்கேன். எரிக்கறதுக்குள்ள அத நெசமாக்கணும். நீ வரலன்னா சொல்லு, பஸ்ல ஏத்தினு போறேன்."

அந்த எலும்பை எந்த பஸ்ஸில் ஏற்றுவாள் என்று அவன் கேட்கவில்லை. அக்காவுக்கு இந்தக் குரல் வந்துவிட்டால் பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அப்பா சொன்ன குப்பத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்தான் இவர்களை முதலில் பார்த்தாள். பெயர் நாகம்மாள். அறுபது இருக்கும். மங்கை கோணியை விலக்கிக் காட்டினாள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்: திருடியது, அறுத்தது, உட்கார்ந்தது, அப்பா ஒரு மணிக்குச் செத்தது எல்லாம்.

நாகம்மாள் எலும்பைத் தடவிப் பார்த்தாள். "நான் கல்யாணமாயி வந்த வருஷம். நானும் அரிசி போட்டேன் இதுக்கு." பிறகு மங்கையின் முகத்தைப் பார்த்தாள். "உன் அப்பனுக்கு வாய்க்கரிசி போட்டியா?"

"இன்னும் இல்ல. வூட்டுக்குப் போயித்தான்."

நாகம்மாள் குடிசைக்குள் போய் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் முந்தானையில் ஒரு பிடி அரிசியும் கொண்டுவந்தாள். மூன்று பேரும் மூன்று தரம் போட்டார்கள். ஆனந்தராஜ் திடீரென்று குலுங்கிக் குலுங்கி அழுதான். திண்டிவனத்திலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருந்தான் போலிருக்கிறது.

தண்ணீரில் விட்டதும் கல்போல மூழ்கும் என்றுதான் மங்கை நினைத்தாள். அது மிதந்தது. அலை அதை உருட்டிக்கொண்டு வந்து அவள் கால்மாட்டிலேயே போட்டது. மறுபடி தள்ளினாள், மறுபடி வந்தது.

"ஐயோ, வேணான்னு சொல்லுதா?"

நாகம்மாள் சிரித்துவிட்டாள். "ஓட்ட எலும்புமா, காஞ்சு கெடந்தது. தண்ணி குடிச்சாத்தான் எறங்கும். கரையில வுட்டா கரைக்குத்தான் வரும்." மகனைக் கூப்பிட்டாள். ஃபைபர் போட் ஒன்று இறங்கியது. கடலைக் கண்டாலே பயப்படுகிற ஆனந்தராஜ் எலும்பை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

அரை மணியில் திரும்பி வந்தான். தொப்பலாக நனைந்து, இரண்டு தரம் வாந்தி எடுத்து, கண் சிவந்து வந்தான்.

"போச்சாடா?"

"போச்சுக்கா. கொஞ்ச நேரம் கூடவே வந்துச்சு. அப்புறம் சாஞ்சு, மெதுவா எறங்கிச்சு. ரெண்டு ஓங்கில் வேற முதுகக் காட்டிட்டுப் போச்சு, அந்தப் பையன் காட்டுனான்." ஓங்கில் என்றால் கடற்பன்னி, டால்பின். அதைச் சொல்லும்போது அவன் முகம் பத்து வயசுப் பையன் முகமாக இருந்தது.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தப்பு மேளம். காலையில்தான் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. ரங்கநாதன் மாமா திட்டுவதற்கு வாயைத் திறந்தார். மங்கையின் சேலை முட்டிவரை ஈரமாக, மணலோடு இருப்பதைப் பார்த்தார். "மொதல்ல உள்ள போ" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

வளர்மதி ஒரு குண்டானில் வெந்நீர் வைத்திருந்தாள். பெரியவரின் உடம்பைத் துணி நனைத்துத் துடைக்க மங்கைக்காகத்தான் காத்திருந்தாள். அழுத பெண்கள் காப்பி குடிக்க வெளியே போனபோது, அவள் மங்கையின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நம்ப மாட்டாங்க."

"இன்னா?"

"நீங்க போன்ல பேசினீங்கல்ல, கடல்ல நிக்கறேன்னு. அப்ப மாமா கத்தறத நிறுத்திட்டு உன்னிப்பா கேட்டாரு. அப்புறம் வாயத் தொறந்து பேசனாரு அண்ணி. ஆறு நாளா பேசாத மனுஷன். தெளிவா ஒரே வார்த்த."

"இன்னா சொன்னாரு?"

"திண்டிவனம்னாரு."

மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் என்று கத்திய கண்டக்டரின் குரல் மங்கையின் காதில் மறுபடி ஒலித்தது.

"எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு எனக்குத் தெரியல அண்ணி. ஆனா லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அதோட போயிட்டாரு."

மங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வெளியே இருந்து எட்டிப் பார்த்த ஒருத்தி, பாவம், மக அழுவுறா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிரிப்பு அடங்கியதும் மங்கை குண்டானை இழுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் சூடு அதிகமாக இருந்தது. ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் சேர்த்து, மறுபடி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவின் வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.