சன்னிக்கு ஒரு சீப்பு

லிந்துலைச் சந்தியில் வாடகை ஹயருக்காகக் கார்கள் நிற்கும் இடத்தில், கோட்டும் வேட்டியுமாக ஒரு பெரிய மனிதர், இன்னொருத்தன் காருக்குப் பின்னால் குந்தி, பம்பருக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன நினைக்கும்? கோழி முட்டை இட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நினைக்கும். சோலைமலை அப்படித்தான் குந்தியிருந்தார். எழுந்திருக்க முழங்காலும் விடவில்லை, மனசும் விடவில்லை.

அழகுமுத்துவின் சிவப்பு லான்சருக்குப் பின்னால், பம்பருக்குக் கீழே, கன்னங்கரேலென்று ஒரு தட்டு. அதிலிருந்து வரிசையாகப் பற்கள் தரையைப் பார்த்து நின்றன. கொழும்பில் அதற்கு டிஃபியூசர் என்று பெயராம். பந்தயக் கார்களுக்குப் போடுவதாம். அடியில் ஓடுகிற காற்றை வகிடெடுத்து வெளியே அனுப்பி, வண்டியை ரோட்டோடு அமுக்கிப் பிடிக்குமாம். முன்னால் கொழுந்து லொறி, பின்னால் பஸ், நடுவில் மாடு என்று ஊர்கிற லிந்துலை ரோட்டில், காற்றே காரை முந்திக்கொண்டு போய் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் சந்தி அந்தச் சாமானுக்கு அன்று காலையிலேயே 'சீப்பு' என்று பேர் வைத்துவிட்டது; மத்தியானத்துக்குள் அதைப் பார்க்க டிக்கோயாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"என்னா சோலமலண்ணே, சீப்புல பேன் பாக்குறீங்களா?" என்றான் அழகுமுத்து, கதவில் சாய்ந்தபடி.

"பழைய செருப்ப வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு தம்பி. விழுந்துரப் போகுதேன்னு பாத்தேன்."

"ஜப்பான் சாமாண்ணே. ஒங்க சன்னி காரே விழுந்தாலும் இது விழாது."

சந்தி சிரித்தது. வெற்றிலைக் கடைக்காரர் வெற்றிலையோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கிப் புரையேறினார். சோலைமலையின் வயிற்றில் அப்போது பற்றிய நெருப்பில் ஒரு தேயிலை ஸ்டோரின் ஒரு வாரக் கொழுந்தையும் காயவைத்திருக்கலாம்.

காரணம் இருந்தது. தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில், வரிசை வீடுகளான அந்த லயங்களில், முதன்முதலில் கார் வாங்கியவர் அவர். அந்த வெள்ளைச் சன்னியில் ஏறாமல் அந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் கலியாணத்துக்குப் போனதில்லை. அது ராசியான கார். அதில் ஏறிய மணப்பெண்ணுக்கு வருஷம் திரும்புவதற்குள் தொட்டில் கட்டியாக வேண்டும். சிலருக்கு ரெட்டைத் தொட்டில். ஒருத்தி பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டு, கார் கிளம்பாததால் இறங்கி வேனில் போனாள், அவளுக்கும் ரெட்டைதான். எந்தக் கலியாண வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அடுத்த பந்தி சோலைமலைக்கு. அந்த மரியாதையில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

கணக்கப்பிள்ளை வீரய்யாவின் மகள் நிலக்ஷிக்கு ஆவணியில் கலியாணம். சீப்பு வந்த வாரத்திலேயே வீரய்யா வந்து, சன்னியின் கூரையைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"சோல, கோவிச்சுக்கக் கூடாது. புள்ள லான்சருலதான் போவேங்குது."

"என் காருக்கு என்னாங்க கொற?"

"கொறன்னு இல்லப்பா. நீ அத்தமாருங்கள ஏத்திக்கிட்டுப் பின்னாலயே வா."

பின்னால்! சோலைமலைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாம் அந்தச் சீப்புதான். கண்ணை மூடினால் பற்கள் தெரிந்தன. சோற்றைப் பிசைந்தால் விரல்களே பற்களாக நின்றன. கோயிலில் சூலத்தைப் பார்த்துக் கும்பிடப் போனவர், அதையும் தலைகீழாகத்தான் பார்த்தார்.

கொழும்புக்குப் போய் அதே சாமானை வாங்குவது, அழகுமுத்துவுக்குப் பின்னால் போவது போல் ஆகாதா? அன்றைக்குத்தான் அவருடைய பார்வை வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. கூரைத் தகரம். அதன் நெளிவுகள்! வரிசையாக, ஒழுங்காக, ஜப்பான்காரன் தோற்றுப்போகிற மாதிரி! வெட்டினார், வளைத்தார், கறுப்புப் பெயின்ட் அடித்தார், கட்டுக் கம்பியால் சன்னியின் பம்பருக்கு அடியில் இறுக்கிக் கட்டினார். எட்ட நின்று பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது.

"ஏங்க, கோழிக்கூட்டுக் கூரை எங்க?" என்றாள் காளியாயி. கலியாணமான நாளிலிருந்து அவரைக் கேள்வி கேட்டே களைத்துப்போனவள்.

"காருக்குப் போட்டிருக்கு."

"காரு ஒழுகுதா?"

"ஒழுகல. இது காத்துக்கு."

"அப்ப கோழி?"

"கோழி என்னா கலியாணத்துக்கா போகுது?"

ஓட்டியபோதுதான் தெரிந்தது, அந்தத் தகரத்துக்குப் பாடவும் வரும் என்று. இருபதில் ஊதியது. முப்பதில் அழுதது. சரிவில் இறங்கினால் ஆலங்கட்டி மழை லயத்துக் கூரையில் விழுகிற மாதிரி அதிர்ந்தது. ஹட்டனில் கிளம்பினால் லிந்துலையில் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். "அண்ணே லயத்தையே கட்டி இழுத்துக்கிட்டு வர்றாரு," என்றான் அழகுமுத்து. வீரய்யாவின் வீட்டு வாசலில் சோலைமலை வேண்டுமென்றே மூன்று தரம் போய்வந்தார். வீரய்யா வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான்.

கலியாணத்தன்று மழை விட்டு, பனி இறங்கியிருந்தது. தேங்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தப்பு முழங்க, நிலக்ஷி லான்சரில் ஏறினாள். அவளோடு தோழிமார் நான்கு பேர் ஏறினார்கள். பின்னால் வெற்றிலைத் தட்டும் வாழைத்தாரும் ஏறின. லான்சர் முட்டையிடப் போகும் கோழி மாதிரி பதுங்கி உட்கார்ந்தது. சீப்பு தரைக்கு மேல் ஒரு விரல்கடையில் நின்றது. சோலைமலை அத்தைமாரை ஏற்றிக்கொண்டு, அந்தச் சீப்பையே பார்த்தபடி பின்னால் போனார். ஊர்வலம் முழுக்க அவர் பார்த்தது அது ஒன்றைத்தான்.

மேற்கணக்கு ரோட்டின் கடைசி வளைவில், மழைத்தண்ணீர் வடிவதற்காகக் குறுக்கே வெட்டிய கான் ஒன்று உண்டு. மற்ற நாளில் அங்கே எல்லோரும் இறங்கி, கார் வெறுமனே கானைத் தாண்டிய பிறகு ஏறிக்கொள்வார்கள். ஆனால் ஆலத்தி சுற்றிக் காரில் ஏற்றிய பெண், மண்டபம் போய்ச்சேரும்வரை மண்ணில் கால் வைக்கக் கூடாது. அதற்காகவே சோலைமலை இரண்டு பலகை வைத்திருந்தார். மணப்பெண் வரும் நாளில் மட்டும் கானின் மேல் போடுவார். இன்றைக்கும், பழக்கத்தில், பலகைகள் சன்னியின் பின்பெட்டியில் கிடந்தன.

ஹோர்ன் அடித்தால் போதும். அழகுமுத்து நிறுத்துவான். பலகையைப் போடலாம்.

கை ஹோர்னின் மேல் இருந்தது. அமுக்கவில்லை. லான்சரின் முன்டயர்கள் கானில் இறங்கி ஏறின. பின்டயர்கள் இறங்கின. தப்புச் சத்தத்துக்கு நடுவே, நண்டின் ஓட்டைக் கடிப்பது போல ஒரு சின்னச் சத்தம். சீப்பு கழன்று கானுக்குள் கிடந்தது. லான்சர் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது.

சோலைமலை இறங்கி, சீப்பு மறைகிற மாதிரி ஒரு பலகையைப் போட்டு, மற்றதையும் போட்டு, சன்னியை ஓட்டித் தாண்டினார்.

"என்னாங்க தம்பி அது, கறுப்பா?" என்றாள் ஓர் அத்தை.

"டயர்த் துண்டுங்க."

மண்டப வாசலில் வீடியோக்காரன் லான்சரைச் சுற்றிவந்து, பின்னால் வந்ததும் கேமராவை இறக்கினான். அழகுமுத்து ஓடிவந்து குனிந்து, பல் விழுந்த ஈறைத் தடவுவது போல் பம்பருக்கு அடியில் தடவினான். அவன் முகத்தைப் பார்த்த சோலைமலைக்கு, இலையில் பாயசம் ரெண்டு தரம் விழுந்த மாதிரி இருந்தது. அந்த இனிப்போடு, வாசலில் நின்ற மணப்பெண்ணிடமே போனார்.

"பாப்பா, சீப்பு போச்சு, தெரியுமா?"

"என்னா சீப்பு மாமா?"

"லான்சருக்குப் பின்னால இருந்துச்சே! அதுக்காகத்தானே நீ அதுல போவேன்னு நின்ன?"

நிலக்ஷி தலைச்சாமான் நகைகள் ஆடாமல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "பின்னால என்னா இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்லையே. ஒங்க சன்னில பெட்ரோல் வாடை மாமா. சின்னதுலயிருந்து அந்தக் கான் வளைவுல எனக்கு வாந்தி வரும். லான்சருல ஏசி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இந்தச் சேலையோட வாந்தி எடுத்தா நல்லாவா இருக்கும்?"

பந்திக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அடுத்த இலை, வழக்கம்போல, அவருக்குத்தான் போட்டிருந்தது. அவர் உட்காரவில்லை.

கானுக்கு அவர் திரும்பி வந்தபோது பனி தேயிலை மலையை முழங்கால் வரைக்கும் விழுங்கியிருந்தது. பலகைகளைத் தூக்கினார். சீப்பு முழுசாகக் கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அழகுமுத்து அதைக் கட்டியிருந்த கம்பிதான் அறுந்திருந்தது. கோட்டால் சேற்றைத் துடைத்தார். கொண்டுபோய்க் கொடுத்துவிடத்தான் வந்தார். அப்படித்தான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் சன்னி பக்கத்திலேயே நின்றது. குறட்டால் கட்டுக் கம்பியை அறுத்தார். தகரம் ஒரு முனகலோடு விழுந்தது. சீப்பைப் பம்பருக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். சும்மா, ஒரு தரம்.

சன்னியோடு கூடப் பிறந்த மாதிரி பொருந்தியது.

குந்தியபடியே தலையைச் சாய்த்து இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். வளைவில் இன்ஜின் சத்தம் கேட்டது. லான்சரின் இரண்டு விளக்குகள் பனிக்குள், தேடுகிற வேகத்தில், மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து அவர் முதுகில் நின்றன. எழுந்தார், இரண்டு கையிலும் சீப்போடு. அதன் நிழல், பற்களெல்லாம் ஆள் உயரத்துக்கு நீண்டு, சன்னியைத் தாண்டித் தேயிலைச் செடிகளின் மேல் போய் விழுந்தது.

பின்னால் லான்சர் ஹோர்ன் அடித்தது.