பிந்து எழுதாத கடிதம்

காளியம்மையின் வீடு எது என்று கேட்பதற்கு சுபாஷிணி டீச்சருக்கு முப்பது வருஷம் தேவைப்பட்டிருந்தது. டீச்சர் வீட்டிலிருந்து காளியம்மை இருக்கும் கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸுக்குப் பத்து நிமிஷ நடை. மட்டாஞ்சேரி ஜூ டவுன் கடைகள் முடிந்து, சுக்குக் கிடங்குகளின் பின்பக்கம் திரும்பினால் வந்துவிடும். அவள் வேலை பார்த்த முப்பது வருஷமும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த வரிசை வீடுகளிலிருந்துதான் வந்தார்கள். ஆனாலும் அந்தச் சந்துக்குள் அவள் கால் வைத்ததில்லை. வைக்காதே என்று யாரும் சொன்னதில்லை. போக ஒரு காரணம் வாய்க்கவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். இன்றைக்கு வாய்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி, கைப்பைக்குள் நான்காக மடித்த ஒரு தாள். பதினொன்றரைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கும் சிகோண்டி படகில் வந்து இறங்கிவிடுவாள். ஒரு வாரம் இருந்தது, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டாள்.

காளியம்மை வேலை முடிந்து அப்போதுதான் வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்த பதற்றத்தில் பக்கெட்டையே கவிழ்த்துவிட்டாள்.

"ஐயோ, டீச்சரா! வாங்க, உள்ள வாங்க. பிந்து, கசேரை எடுத்துட்டு வாடி, ஆரு வந்திருக்குன்னு பாரு!"

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. தூக்கிக்கொண்டு வந்த பெண்ணை டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழாம் வகுப்பில் கைக்குட்டையைத் தோளில் ஊசி குத்திக்கொண்டு வந்த பிந்துவுக்கு இப்போது இருபத்தொரு வயது. இடப்பள்ளியில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. மூன்று மணிக்கு ஷிப்ட். சுவர் ஆணியில் கடைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது.

"பிந்து, ஏழாங்கிளாஸ்ல ஆப்பிரிக்காவுக்கு லெட்டர் எழுதினோமே, ஓர்மையிருக்கோ? சிகோண்டின்னு ஒரு பொண்ணு. அவ இப்போ களமசேரியில படிக்க வந்திருக்கா. இன்னிக்கு உன்னைப் பாக்க வரா."

"என்னையா? என்னைய எதுக்கு, டீச்சர்?"

பிந்து கேட்டதற்கு டீச்சர் பதில் சொல்லுமுன் காளியம்மை முந்திக்கொண்டாள். "கேட்டியாடி! பிளேன் கேறி வந்து எம்மவளத் தேடுது! இரிங்க டீச்சரே, சாயா போட்டுட்டு வரேன்." அவள் அடுப்படிக்குள் போன வேகத்தைப் பார்த்துவிட்டு சுபாஷிணி கைப்பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாற்பத்தொன்பதாவது வயதில், சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலாவி என்ற நாட்டுக்குத் தன்னார்வ ஆசிரியையாகப் போனவள் அவள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று வழியனுப்ப வந்த ஒரு உறவுக்காரி சொல்லிவிட்டு, சுபாஷிணிக்குப் பிள்ளை இல்லை என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பில் தொண்ணூற்று நாலு பேர். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடம் நின்றுவிடும். தொண்ணூற்று நாலு பேரும் மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சாக்பீஸை மூன்றாக உடைத்து மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மாம்பழக் காலத்தில் பாதி வகுப்பு மரத்தில் இருக்கும். முதல் மாதம் தினமும் அழுதாள். இரண்டாம் மாதம் தலைமை ஆசிரியர் தொடங்கி காய்கறிக்காரி வரை எல்லோரும் "மேடம்" என்று குனிந்து வணங்கியதில் அழுகை நின்றுவிட்டது. உங்கள் நாடு எவ்வளவோ முன்னேறிவிட்டதே, மேடம் என்று அவர்கள் சொல்லும்போது அவள் மறுத்ததில்லை. மட்டாஞ்சேரியில் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் வந்து செடிக்கொத்து விளக்குமாற்றால் முற்றம் முழுவதையும் பெருக்கிவிடுவார்கள். மணலில் வரிவரியாகக் கோடு விழும். மணி அடிக்கும்வரை அதன்மேல் யாரும் மிதிக்கக் கூடாது. தலைமை ஆசிரியரே ஓரமாகத்தான் போவார். பெருக்கும் படைக்குத் தலைவி பதின்மூன்று வயது சிகோண்டி. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவளுடைய அம்மா ஏரிக்கரையில் நெத்திலி மாதிரிச் சின்ன மீனைக் காயவைத்து விற்பவள். அவர்கள் குடிசையில் சுபாஷிணி ஒரு மத்தியானம் உட்கார்ந்து மீனைத் தொடாமல் களி மட்டும் தின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

முதல் வருஷம் முடிந்து ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தபோது முப்பத்தொரு கடிதங்களை எடுத்து வந்தாள். இங்கே அவளுடைய பள்ளியில் ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஒரு நண்பர். பிள்ளைகள் துள்ளிக் குதித்துப் பதில் எழுதினார்கள். ரஃப் எழுதி, டீச்சர் திருத்தி, திங்கட்கிழமை ஃபேர் காப்பி எழுதுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை பார்த்து ஹர்த்தால். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. செவ்வாய் விடியற்காலை அவளுக்கு விமானம். ஆகவே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளும் கணவர் வெங்கிட்டுவும் முப்பத்தொரு ஃபேர் காப்பியையும் தாங்களே எழுதினார்கள். முதலில் எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்தினாள். பிறகு வாக்கியம். பிறகு, இது எதற்கு, அது எதற்கு என்று கை தானாகவே ஓடியது. பிந்துவின் ரஃப் வந்ததும் நின்றாள். 'என் அம்மாவும் பெருக்குவாள். நீ ஸ்கூலைப் பெருக்குகிறாய், என் அம்மா மட்டாஞ்சேரியைப் பெருக்குகிறாள்' என்று பாதி இங்கிலீஷும் பாதி மலையாளமுமாக இருந்தது. மேடம் என்று வணங்கும் அந்தத் தலைமை ஆசிரியர் கையில் இது கிடைத்தால்? அந்த வரியை அடித்தாள். அப்பா கார்ப்பரேஷன் அதிகாரி, அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று எழுதினாள். எழுதிவிட்ட பிறகு நன்றாக இருந்தது. தோட்டமும் ரோஜாவும் வீணை வகுப்பும் சேர்த்தாள். தனக்கு வாய்க்காததையெல்லாம் பிந்துவுக்குக் கொடுத்தாள்.

"அந்தக் கொழந்தை எழுதினதை அப்படியே எழுதேண்டி. நன்னாத்தானே இருக்கு," என்றார் வெங்கிட்டு.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம எழுதுங்கோ," என்றாள். ரஃப் தாள்கள் பழைய பேப்பரோடு போயின.

இரண்டாம் வருஷம் முடிந்து அவள் திரும்பியபோது அந்தப் பிள்ளைகள் ஏழு முடித்து வெவ்வேறு ஹைஸ்கூலுக்குச் சிதறியிருந்தார்கள். மலாவியிலும் மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். சிகோண்டி மட்டும் மறக்கவில்லை. டீச்சர் வீட்டு விலாசத்துக்கு பிந்துவின் பெயருக்கு நாலு கடிதம் எழுதினாள். கொண்டுபோய்க் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். நாலுக்கும் டீச்சரே பிந்துவாகப் பதில் எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தாள். போன ஞாயிறு சிகோண்டியிடமிருந்து போன் வந்தது. உதவித்தொகை கிடைத்தபோது எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்களாம். வேறு ஊர் எதையும் யோசிக்கவே இல்லையாம். பிந்து இருக்கும் ஊர் போதும் என்றாளாம்.

கைப்பையிலிருந்து தாளை எடுத்து டீச்சர் பிந்துவிடம் நீட்டினாள். ராத்திரி உட்கார்ந்து, பரீட்சைக்குக் குறிப்பு கொடுப்பது போல் அப்பா, அம்மா, தோட்டம், வீணை என்று வரிசை எண் போட்டு எழுதியிருந்தாள். "ஒரு மணி நேரம் போறும். என் ஆத்துல வெச்சே பாத்துடலாம். இதை ஒரு தடவை படிச்சுக்கோ."

பிந்து படித்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே உதடு அசையப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தாள்.

"இது ஆரு, டீச்சர்?"

"நீதான்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்து உருண்டது. பிந்து திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் ஹர்த்தாலைச் சொன்னாள், விமானத்தைச் சொன்னாள், நேரமில்லாமல் போனதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்லும் காரணமாகக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அப்ப நான் எழுதினது போகவே இல்லியா?"

"இல்லை."

"நான் ஒரு வருஷம் காத்திருந்தேன், டீச்சர்." பிந்துவின் குரல் உயரவில்லை. அடுப்படிக்குக் கேட்கக் கூடாது என்று தாழ்த்தியே பேசினாள். "ஆருக்கும் பதில் வரலை, சாரமில்லை, போகட்டும்னு மத்தவங்க விட்டுட்டாங்க. எனக்கு மட்டும் தோணிச்சு, அம்மா ரோடு பெருக்குறான்னு எழுதினேன்ல, அதனாலதான் அந்தப் பொண்ணு எழுதலைன்னு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுப் பெருக்கணும், இல்லாட்டி பொடி கண்ணுல விழும்னு அம்மாகிட்ட கேட்டு எழுதியிருந்தேன். அதைப் படிச்சுச் சிரிச்சிருப்பான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் அம்மா ஜோலி என்னன்னு நான் எங்கயும் சொன்னதில்லை. ஹைஸ்கூல்ல சொல்லலை. கடையில ஃபாரம் குடுத்தாங்க, அதுலயும் வீட்டுல இருக்காங்கன்னுதான் எழுதினேன்." தாளின் இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். "இதேதான்."

சுபாஷிணி டீச்சர் தன் வாழ்நாளில் எத்தனையோ பிள்ளைகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். 

காளியம்மை சாயாவோடு வந்தாள். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி டம்ளர் டீச்சருக்கு. "என்னடி எழுதியிருக்கு அதுல?"

"வழிம்மா," என்றாள் பிந்து. "அந்தப் பொண்ணு இங்க வர்ற வழி." தாளை மடிப்பு மாறாமல் மடித்து டீச்சரின் கையில் வைத்தாள். "இங்கயே கூட்டிட்டு வாங்க, டீச்சர். உங்க வீட்டுல வேண்டாம்."

"சரி. ஆனா… அவகிட்ட யாரு சொல்றது?"

"எழுதினது ஆரு?" என்று கேட்டாள் பிந்து.

படகுத்துறைக்கு சுபாஷிணி நடந்துதான் போனாள். ஆட்டோவில் போனால் சீக்கிரம் போய்விடும். வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துப் பார்த்தாள். முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு வாக்கியம் சரியாக அமையவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று தொடங்கினாள். நடந்துவிடவில்லை, நான் செய்தேன் என்று திருத்தினாள். இந்த ஒரு திருத்தத்தை அன்றைக்கு அந்த மேஜையில் செய்திருக்கலாம் என்று நினைத்தபோது தெருவில் நின்று அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

படகிலிருந்து கடைசியாக இறங்கினாள் சிகோண்டி. நல்ல உயரம். கத்தி மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டை, புது செருப்பு, வீசும் சென்ட். "மேடம்!" என்று ஓடிவந்து, அங்கே பிள்ளைகள் செய்வது போலவே முழங்கால் மடக்கி வணங்கினாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தபோது சிகோண்டி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

"மேடம், பிந்துவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். முதல் கடிதத்தில் அம்மா மீன் காயவைப்பதையும் நான் ஸ்கூல் பெருக்குவதையும் எழுதிவிட்டேன். சின்னப் பெண், புத்தி இல்லை. அவள் வீட்டைப் பற்றிப் படித்த பிறகு ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் அதையெல்லாம் எழுதவே இல்லை. அவளுக்கு அது ஞாபகம் இருக்குமா? கேட்டால் அம்மா கடை வைத்திருக்கிறாள் என்று சொல்லப் போகிறேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்."

நாலு கடிதங்களையும் சுபாஷிணி வரி வரியாகப் படித்தவள். நாலிலும் அம்மா இல்லை என்பது அவள் கண்ணில் படவே இல்லை. பிழை குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். "சிகோண்டி, நில்லு," என்றாள். சிகோண்டிக்கு நிற்கப் பொறுமை இல்லை. எந்தப் பக்கம் மேடம், இந்தப் பக்கமா என்று முன்னால் போய்விட்டாள். கிடங்குகளைத் தாண்டினார்கள். சுபாஷிணி இரண்டு முறை பேச்செடுத்தாள். முதல் முறை லாரி ஹாரன் அடித்தது. இரண்டாம் முறை எதுவும் குறுக்கே வரவில்லை, அவளுக்குத்தான் வாய் வரவில்லை.

சந்து முனையில் பிந்து நின்றிருந்தாள். பிந்துவால் பிடித்து நிறுத்த முடியாமல் காளியம்மை பாதித் தெருவுக்கே வந்துவிட்டாள். "வா மோளே, வா," என்று சொல்லிக்கொண்டே வந்து, இத்தனை தூரம் வந்த பெண்ணின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள்.

சிகோண்டியின் முகத்தில் பழகி வைத்திருந்த சிரிப்பு இருந்தது. அது மெல்ல நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். காளியம்மையின் உள்ளங்கையைத் திருப்பி, விரல்களின் அடியில் வரிசையாகக் காய்த்துப்போயிருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள். விளக்குமாற்றின் பிடி எந்த இடத்தில் அழுத்துமோ அந்த இடத்தை. பிறகு கையை விடாமலேயே, தலையை மட்டும் திருப்பி மேடத்தைப் பார்த்தாள்.